சின்னக் கடைக்கு சோஷியல் மீடியா: எல்லாரும் கேட்கிற கேள்விகள்

புடவைக் கடை, மசாலாப் பொடி, வீட்டு கேக், நாட்டுச் சர்க்கரை என்று சின்ன அளவில் வியாபாரம் செய்கிறவர்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாரிடம் பேசினாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன, ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப் போகச் சிக்கலானவை. பெரிய கம்பெனிகளின் மார்க்கெட்டிங் ஆட்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

அண்ணா, இன்ஸ்டா, யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் இருக்கணுமா? கடையில ஆளே நான் ஒருத்தன்தான்.

வேண்டாம். பேக்கிங்கும் செய்து, கூரியருக்கும் ஓடி, நான்கு ஆப்பிலும் தினம் ஏதாவது போடுவது ஒரு ஆளால் நடக்கிற காரியம் இல்லை. ஆட்கள் உங்களைக் கண்டுபிடிக்க ஒரு இடம், அவர்களோடு பேச ஒரு இடம், அவ்வளவு போதும். பேசுகிற இடம் சந்தேகமே இல்லாமல் வாட்ஸ்அப் பிசினஸ். 2018 ஜனவரியில் வந்த ஆப், காசு கிடையாது, பொருள்களை விலையோடு அடுக்கி வைக்க கேட்டலாக், ஆர்டர் போட்டவர் யார், பணம் பாக்கி யார் என்று பிரித்து வைக்க லேபிள் எல்லாம் அதிலேயே இருக்கிறது. நான் பார்த்த கடைகளில் ஆர்டர் எங்கே தொடங்கினாலும் முடிவது அங்கேதான். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவதும் இதைத்தான்: வீடியோ ஆளைக் கூட்டி வரும், விற்பது அதற்கப்புறம் நடக்கிற பேச்சு.

கண்டுபிடிக்கிற இடம் பொருளைப் பொறுத்தது. புடவை, நகை, கேக் மாதிரி பார்த்ததும் பிடிக்க வேண்டியவை இன்ஸ்டாகிராமில் நன்றாக ஓடும். கிரைண்டர், தையல் மெஷின், விதை, சொட்டுநீர் சாமான் மாதிரி விளக்கம் கேட்கிறவை யூடியூபுக்கு. அங்கே ஆட்கள் தேடி வருகிறார்கள், போன வருஷம் போட்ட வீடியோவும் இன்றைக்கு ஒரு போன் காலைக் கொண்டுவரும். ஃபேஸ்புக்கை யாரும் பார்ப்பதில்லை என்று காலேஜ் பிள்ளைகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிற முடிவு பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா கையில்தான் இருக்கிறது. அப்புறம், கதவு திறந்து உட்கார்ந்திருக்கிற கடை என்றால் கூகுள் மேப்பில் நேரமும் போன் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிக்டாக் போனதுக்கப்புறம் எதுதான் ட்ரெண்டு? ரீல்ஸா, ஷார்ட்ஸா?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்களை இந்திய அரசு தடை செய்தது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைத் திறந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை இந்தியாவில்தான் முதலில் சோதித்துப் பார்த்தது. அன்றைக்குக் கிராமத்துச் சமையல், டப்பிங், நடனம் என்று போட்டுக்கொண்டிருந்தவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டுக்கும் வந்து சேர்ந்தார்கள். இப்போது இரண்டிலும் 3 நிமிடம் வரை போகலாம் (ஷார்ட்ஸில் 2024 அக்டோபர் முதல், ரீல்ஸில் 2025 ஜனவரி முதல்).

எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வீடியோவை எடுத்து இரண்டிலும் போடுங்கள், ஆனால் ஒன்றில் இருந்து இறக்கி மற்றதில் ஏற்றாதீர்கள். இன்னொரு ஆப்பின் முத்திரை தெரிகிற வீடியோவைப் புதியவர்களிடம் கொண்டுபோக இன்ஸ்டாகிராம் விரும்பாது. போன் கேமராவில் எடுத்த மூலத்தை வைத்துக்கொண்டு தனித்தனியாக ஏற்றுங்கள்.

ஃபோட்டோ போட்டா யாருமே பார்க்கறதில்ல. இனிமே வீடியோ மட்டும்தானா?

2021 ஜூன் கடைசியிலேயே இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி, நாங்கள் இனி ஃபோட்டோ பகிரும் ஆப் மட்டும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். புது ஆட்களுக்கு வீடியோ, சரி. ஆனால் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர் முந்தானை எப்படி, பார்டர் எத்தனை அங்குலம் என்று நிதானமாகப் பார்க்க ஃபோட்டோதான் வசதி, அதைத்தான் அவர் வீட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பார். நான்கைந்து படங்களை ஒரே பதிவாகத் தள்ளிப் பார்க்கிற மாதிரி போடுங்கள். முதல் படம் கட்டிய நிலையில், அடுத்தது துணியை நெருக்கமாக, கடைசியில் விலை.

பத்தாயிரம் ஃபாலோயர் இருக்காங்க, ஆனா வியாபாரமே இல்லையே, ஏன்?

யார் அந்தப் பத்தாயிரம் பேர் என்பதுதான் கேள்வி. "எங்களைத் தொடருங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், ஒரு புடவை இலவசம்" என்று போட்டி வைத்துச் சேர்த்தவர்கள் என்றால் அவர்கள் இலவசத்துக்கு வந்தவர்கள். காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர்கள் என்றால் அது இன்னும் மோசம், நீங்கள் எதைப் போட்டாலும் அசையாத கணக்குகள் அவை. உங்கள் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதியில் எந்த ஊர், என்ன வயது என்று காட்டும், அதைத் திறந்து பாருங்கள். சேலத்துக் கடைக்கு ஃபாலோயர்களில் பாதி பெயர் தெரியாத வட இந்திய ஊர்களில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஆட்கள் நிஜமானவர்கள்தான், ஆனாலும் விற்கவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் பேச்சில் இருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு ஒருத்தர் "இது இருக்கா?" என்று கேட்கிறார், மறுநாள் மதியம் "எஸ் அவைலபிள் மேம்" என்று பதில் போகிறது, அதற்குள் அவர் வேறு பக்கத்தில் வாங்கிவிட்டார். மாதக் கடைசியில் நான் எண்ணச் சொல்வது மூன்றே விஷயம்: எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு அன்றைக்கே பதில் போனது, எத்தனை பேர் பணம் போட்டார்கள். ஃபாலோயர் எண்ணிக்கை அந்த நோட்டில் வராது.

ஒரு ரீல் ரெண்டு லட்சம் போச்சு, அடுத்தது எண்ணூறோட நின்னுருச்சு. ஷேடோபேன் பண்ணிட்டாங்களா சார்?

ஷேடோபேன் என்றால் சொல்லாமலே உங்கள் பதிவுகளைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பது. பெரும்பாலும் அப்படி இல்லை. இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் கணக்கின் நிலை (Account Status) என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் பதிவு எதையாவது புதியவர்களுக்குப் பரிந்துரைக்காமல் நிறுத்தி வைத்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். பச்சையாக இருந்தால் தடை எதுவும் இல்லை, ரீல் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

எதைப் பார்த்து பரப்புகிறார்கள் என்பதை 2025 ஜனவரியில் மொசேரியே சொன்னார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார்கள். லைக் உங்களை ஏற்கெனவே தொடர்கிறவர்களிடம் அதிகம் உதவும், அனுப்புவது புது ஆட்களிடம் கொண்டுபோகும். அதனால் ரீல் எடுக்கும்போது இதை யார் யாருக்கு அனுப்புவார் என்று யோசியுங்கள். "அத்தை, நீங்க கேட்ட அதே அரக்கு கலர்" என்று ஒரு மருமகள் அனுப்பக்கூடிய வீடியோ, ட்ரெண்டிங் நடனத்தைவிட மேல்.

இன்னொன்று, வியூஸ் என்ற எண்ணை ரொம்பவும் நம்ப வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு வியூவாக எண்ணுகிறது, திரும்ப ஓடினாலும் எண்ணும். விரல் நின்ற இடமெல்லாம் வியூதான்.

விலையைப் போடணுமா, இல்ல "இன்பாக்ஸ் பண்ணுங்க"ன்னு விட்டுடலாமா? விலை போட்டா போட்டிக்கடைக்காரன் பார்த்துருவானே.

போட்டிக்கடைக்காரர் ஒரு புது நம்பரில் இருந்து வாடிக்கையாளர் மாதிரி கேட்டுத் தெரிந்துகொள்ள அரை நிமிடம் ஆகாது, ஒருவேளை ஏற்கெனவே கேட்டிருப்பார். நீங்கள் விலையை மறைப்பது வாங்க வந்தவரிடம் மட்டும்தான். அவருக்கோ "ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் போல" என்ற சந்தேகம் வரும், அல்லது கேட்டுவிட்டு வாங்காமல் போனால் சங்கடம் என்று கேட்காமலே நகர்ந்துவிடுவார். துணிக்கடையில் பத்துப் புடவை பிரித்துப் போட வைத்துவிட்டு எழுந்து போகக் கூச்சப்படுகிற அதே மனசுதான். "கமெண்டில் வந்து விலை கேட்டால் ரீச், அதாவது பதிவு போய்ச் சேருகிற ஆட்களின் எண்ணிக்கை, ஏறும்" என்று ஒரு யோசனை சுற்றுகிறது. ஏறலாம், ஆனால் அதற்காக வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், ஆன்லைனில் விற்கிறவர் எல்லாக் கட்டணமும் சேர்த்த மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்கின்றன. கூரியர் தனி என்றால் தமிழ்நாட்டுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று அதே கேப்ஷனில் எழுதிவிடுங்கள். செய்து கொடுக்கிற பொருள், அதாவது ஆரி வேலை பிளவுஸ், கல்யாணக் கேக் மாதிரி விலை முன்கூட்டியே சொல்ல முடியாதவை என்றால் "இவ்வளவில் இருந்து தொடங்கும்" என்றாவது போடுங்கள்.

தமிழ்ல எழுதினா லோக்கலா தெரியுமோ? தங்கிலீஷ்ல எழுதட்டுமா?

வாடிக்கையாளர் எப்படி எழுதுகிறாரோ அப்படிப் பதில் எழுதுங்கள். அவர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்தால் நீங்களும் அப்படியே அடிக்கலாம், சாட்டில் அது ஒன்றும் குறைச்சல் இல்லை. கேப்ஷனில் மட்டும் நான் தமிழ் எழுத்தைத்தான் முதலில் வைப்பேன், அடியில் பொருளின் பெயரை மட்டும் இங்கிலீஷில். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாமல் பெங்களூரிலும் மும்பையிலும் வளர்ந்த நம்மாட்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். தங்கிலீஷில் நீளமாக எழுதிய பத்தியை இரண்டு பக்கத்து ஆட்களும் தடுக்கித் தடுக்கித்தான் படிக்கிறார்கள்.

தேடலுக்கும் இது உதவும். 2025 ஜூலை முதல் இன்ஸ்டாகிராமின் தொழில்முறைக் கணக்குகள் போடுகிற பொதுப் பதிவுகள் கூகுள் தேடலில் வரத் தொடங்கியிருக்கின்றன. "எலகன்ட் வைப்ஸ்" என்று யாரும் தேட மாட்டார்கள். மயில் கழுத்துக் கலர், எம்எஸ் ப்ளூ, கட்டம் போட்ட செட்டிநாடு காட்டன், சுங்குடி என்று கடையில் கேட்கிற மாதிரிதான் தேடுவார்கள், அதையே எழுதுங்கள்.

ஹேஷ்டேக் எத்தனை போடணும்? எத்தனை மணிக்குப் போட்டா நல்லா போகும்?

மூன்று நான்கு போதும், ஊர் பெயரும் பொருள் பெயரும் இருக்கட்டும். ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையே இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டது, அதன் பழைய மவுசு போய்விட்டது. நேரத்துக்குப் பொதுவான விடை கிடையாது, உங்கள் ஃபாலோயர்கள் எப்போது ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று ஆப்பே காட்டுகிறது. அதைவிட முக்கியம், போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது பதில் சொல்ல நீங்கள் கையில் போனோடு இருக்கிற நேரமாகப் பார்த்துப் போடுவது. சீரியல் முடிந்து, பாத்திரம் கழுவி, போனை எடுக்கிற ராத்திரி நேரம் வீட்டுப் பெண்களுக்கு விற்கிறவர்களுக்கு நன்றாக அமைகிறது என்பது என் அனுபவம்.

வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் அனுப்பறேன், பாதிப் பேருக்குப் போகவே மாட்டேங்குது. குரூப் ஆரம்பிக்கட்டுமா, சேனலா?

பிராட்காஸ்ட் உங்கள் நம்பரை அவரவர் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும், ஒரு பட்டியலில் 256 பேர் வரை. போகாத பாதிப் பேர் உங்களைச் சேமிக்கவில்லை. பார்சலுக்குள் ஒரு சீட்டு வையுங்கள், "இந்த நம்பரைச் சேமித்துக்கொண்டு ஒரு ஹாய் அனுப்புங்கள், புது வரவு முதலில் உங்களுக்கு வரும்" என்று. வாங்கியவர் சேமிப்பார்.

குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லாருக்கும் எல்லாருடைய நம்பரும் தெரியும். புடவை வாங்க வந்த பெண்ணுக்கு முகம் தெரியாத ஒருவன் குட் மார்னிங் அனுப்பத் தொடங்கினால் அந்தப் பழி உங்கள் கடைக்கு. அதனால் கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்கவே கூடாது, பெண் வாடிக்கையாளர்கள் அதிகம் என்றால் குரூப்பே வேண்டாம். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதியில் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது, ஆனால் அது ஒருவழிப் பாதை, பேச முடியாது. நான் சொல்வது: அறிவிப்புக்கு சேனல், நெருங்கிய பழைய வாடிக்கையாளருக்கு பிராட்காஸ்ட், தினசரி இருப்பைக் காட்ட ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸை நிறையப் பேர் லேசாக நினைக்கிறார்கள், ஆனால் யாரையும் தொந்தரவு செய்யாமல் தினம் கண்ணில் படுகிற இடம் அதுதான்.

பூஸ்ட் பட்டனை அமுக்கிட்டா போதுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும்?

பூஸ்ட் என்றால் பணம் கட்டி ஒரு பதிவை விளம்பரமாக நிறையப் பேருக்குக் காட்டுவது. எதற்காக அமுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூஸ்ட் செய்யும்போது எது நடக்க வேண்டும் என்று கேட்கும்: பக்கத்தைப் பார்க்கவா, இணையதளத்துக்குப் போகவா, மெசேஜ் வரவா. யோசிக்காமல் முதலாவதை அமுக்கினால் பார்த்துவிட்டுப் போகிற ஆட்களைத்தான் மெட்டா (இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்துகிற கம்பெனி) தேடிக் கொடுக்கும். கடைகளுக்கு வாட்ஸ்அப் மெசேஜ் வருகிற மாதிரி வைப்பதுதான் சரி. ஊரையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். கேக் கடை என்றால் கடை இருக்கிற இடத்தில் பின் குத்தி நீங்கள் டெலிவரி செய்யக்கூடிய சுற்றளவு மட்டும், தமிழ்நாடு முழுக்கக் காட்டி என்ன பயன்.

எவ்வளவு என்றால், போனாலும் வருத்தப்படாத தொகையில் தொடங்கி, ஏற்கெனவே தானாக நன்றாகப் போன பதிவுக்கு மட்டும் போடுங்கள். யாரும் சீண்டாத பதிவைப் பணம் கொடுத்துத் தள்ளினால் இன்னும் நிறையப் பேர் சீண்டாமல் போவார்கள். செலவுக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். சாதாரண ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் எண்ணை விளம்பரக் கணக்கில் கொடுத்து அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற முறை) இருப்பவர்களுக்கு அது கிடையாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் பெரிய ஜவுளிக்கடைகள் எல்லாம் அதே விளம்பர இடத்துக்கான ஏலத்தில் இறங்குவதால் உங்கள் பத்து ரூபாய் அப்போது கொஞ்சம் தூரம்தான் போகும். கல்யாணப் பட்டுக்காரர்கள் ஆடி பிறக்கும்வரை காத்திருக்காமல், ஆவணி முகூர்த்தத்துக்காக ஆனியிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது.

ட்ரெண்டிங் சினிமா பாட்டு போட்டா ரீச் வருது. காப்பிரைட் பிரச்சினை ஆகுமா?

ஆகும். ஆப்பில் பாட்டு இருக்கிறது என்பதாலேயே கடை விளம்பரத்துக்குப் போடலாம் என்று அர்த்தம் இல்லை. ஆப்பில் இருக்கிற சினிமாப் பாட்டுகள் தனிப்பட்டவர்கள் பொழுதுபோக்குக்குப் போடத்தான், வியாபாரத்துக்கு அந்த அனுமதி செல்லாது. பிசினஸ் கணக்காக மாற்றியதும் பாதிப் பாட்டு காணாமல் போவதற்குக் காரணம் அதுதான். சிலர் பாட்டுக்காகவே கிரியேட்டர் கணக்காக மாற்றிக்கொள்கிறார்கள், பட்டியல் திரும்ப வரும், உரிமை வராது. மெட்டா வணிகத்துக்கென்றே இலவச இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது, யூடியூபிலும் ஆடியோ லைப்ரரி உண்டு. உங்கள் சொந்தக் குரலே அதைவிட நல்லது, தறி ஓடுகிற சத்தம், தாளிக்கிற சத்தம் இன்னும் நல்லது.

திடீர்னு ஒரு மீம் ஓடுது, நம்ம கடையும் அதுல இறங்கலாமா?

2019 மே கடைசியில் நேசமணி ட்ரெண்டு ஞாபகம் இருக்கும். ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்க, நம்மாள் ஒருவர் வடிவேலு காமெடியை வைத்துப் பதில் சொல்ல, காண்ட்ராக்டர் நேசமணி பிழைக்கப் பிரார்த்திக்கச் சொல்லி உலக அளவில் ட்விட்டரில் ட்ரெண்டானது, அதுவும் பிரதமர் பதவியேற்புக்கு முந்தின நாள். நிறைய பிராண்டுகளும் இறங்கின. அன்றைக்கே இறங்கியது சிரிப்பாக இருந்தது, மூன்றாம் நாள் இறங்கியது பரிதாபமாக இருந்தது.

பொருளுக்கும் மீமுக்கும் ஒட்டு இருந்தால், அன்றைக்கே முடிந்தால், இறங்குங்கள். ஹார்டுவேர் கடைக்கு அந்தச் சுத்தியல் லட்டு மாதிரி, பட்டுப்புடவைக்கு என்ன வேலை? கட்சி, சாதி, மதம், நடிகர் ரசிகர் சண்டை வாடை அடிக்கிற எதிலும் தலையை விட வேண்டாம். படத்துக் காட்சியையும் நடிகர் முகத்தையும் விளம்பரமாகப் போடுவதில் மேலே பாட்டுக்குச் சொன்ன அதே சிக்கல் இருக்கிறது. வசனத்தின் பாணியை மட்டும் எடுத்து உங்கள் கடைப் பையன் பேசினால் தப்பு இல்லை, பெரும்பாலும் அதுதான் நன்றாகவும் இருக்கும்.

இன்ஃப்ளூயன்சர் ஒருத்தங்க "காசு வேணாம், ரெண்டு புடவை அனுப்புங்க, போடறேன்"னு சொல்றாங்க. காசு கொடுக்கலன்னா அது விளம்பரம் இல்லதானே?

விளம்பரம்தான். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் பணம் மட்டும் இல்லை, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், சொந்தக்காரர் என்ற உறவு உட்பட எல்லாமே சொல்லியாக வேண்டிய தொடர்பு. இந்திய விளம்பரத் தர கவுன்சிலும் 2021 ஜூன் முதல் இதையே கேட்கிறது. விளம்பரம் என்று கண்ணில் படுகிற இடத்தில், பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழில் புகழ்ந்துவிட்டு ஹேஷ்டேக் குவியலுக்குள் இங்கிலீஷில் ஒளித்து வைப்பது கணக்கில் வராது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. பொருளைப் புகழ்ந்தவருக்கும் கடைக்கும் சேர்த்துத்தான்.

யாரைப் பிடிப்பது என்றால், ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கமெண்டைப் படியுங்கள். "சூப்பர் அக்கா", தீ, இதயம் என்று மட்டும் இருந்தால் அங்கே ரசிகர்கள் இருக்கிறார்கள். "இது எங்க வாங்கினீங்க, துவைச்சா சாயம் போகுமா" என்று கேட்டு, அவரும் உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால் அங்கே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயாயிரம் பேர் கொண்ட ஈரோட்டு டீச்சர் ஒருவர் உங்களுக்கு லட்சம் பேர் கொண்ட சென்னைப் பிரபலத்தைவிட அதிகம் விற்றுக் கொடுக்கலாம்.

ஏஐ பொண்ணுக்குப் புடவை கட்டிவிட்டு ஃபோட்டோ போட்டா மாடல் செலவு மிச்சம்தானே?

செலவு மிச்சம், ரிட்டர்ன் அதிகம். ஏஐ உங்கள் புடவையைக் காட்டாது, உங்கள் புடவை மாதிரி ஒன்றைக் காட்டும். ஜரிகை ஒரு விரல் அகலமாகிவிடும், புட்டா இடம் மாறிவிடும், கலர் ஒரு மாற்று ஏறிவிடும். பார்சலைப் பிரித்தவர் "ஃபோட்டோவில் இருந்தது இது இல்லை" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மை. தீபாவளி வாழ்த்துப் படம், பின்னணி, கேப்ஷன் வரைவு இதற்கெல்லாம் தாராளமாக ஏஐ வைத்துக்கொள்ளுங்கள். நிஜம் போலவே தெரிகிற ஏஐ காட்சியை யூடியூபில் போட்டால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2024 மார்ச்சில் இருந்தே விதி இருக்கிறது.

பொருளை மட்டும் பகல் வெளிச்சத்தில், கடை ஆளோ வீட்டு ஆளோ கையில் பிடித்து எடுங்கள். வெளிச்சத்தில் ஒன்று, டியூப்லைட்டில் ஒன்று என்று இரண்டு படம் போட்டால் கலர் சண்டை பாதி குறையும்.

ஒருத்தங்க கமெண்ட்ல "ஃபிராடு கடை, வாங்காதீங்க"ன்னு போட்டுட்டாங்க. டெலீட் பண்ணிட்டு பிளாக் பண்ணிடலாமா?

முதலில் அவர் வாடிக்கையாளரா என்று ஆர்டர் நோட்டில் பாருங்கள். வாடிக்கையாளர் என்றால் அழிக்காதீர்கள், அழித்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்ப வருவார், அப்போது அவர் பக்கம் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். கமெண்டிலேயே அமைதியாக, "அக்கா, உங்கள் பார்சல் 12ஆம் தேதி கிளம்பியது, இன்னும் வரவில்லை என்று தெரிகிறது, இப்போதே கூப்பிடுகிறோம்" என்று எழுதிவிட்டு உண்மையிலேயே கூப்பிடுங்கள். விலாசம், போன் நம்பர், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடல் இதையெல்லாம் கமெண்டில் போட்டு நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும் படிக்கிற மற்றவருக்கு, நாளைக்கு நம்மையும் இப்படிப் போடுவார்கள் என்றுதான் தோன்றும்.

பிரச்சினை தீர்ந்ததும் அவரையே ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. கெட்ட வார்த்தை, சாதி சொல்லித் திட்டுவது, பெண்களைக் கொச்சையாகப் பேசுவது மட்டும் யார் எழுதினாலும் உடனே அழித்து பிளாக் செய்யுங்கள்.

வெள்ளம், பெரிய விபத்து மாதிரி நேரத்துல ஆஃபர் போஸ்ட் போடலாமா? ஏற்கெனவே ஷெட்யூல் பண்ணி வச்சிருக்கேன்.

ஷெட்யூலை நிறுத்துங்கள், அதுதான் முதல் வேலை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் படகு எங்கே, சாப்பாடு எங்கே, யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது என்று மக்கள் தேடியது ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெள்ளம் என்று அடுத்தடுத்து வந்தபோதும் அப்படித்தான். உதவி கேட்கிற வரிகளுக்கு நடுவே "50% ஆஃபர், இன்று மட்டும்" என்று ஒன்று தலையை நீட்டினால் அந்தக் கடையின் பெயர் மனசில் தப்பான இடத்தில் தங்கிவிடும்.

சொல்ல வேண்டியது தகவல்: கூரியர் போகவில்லை, உங்கள் பார்சல் பத்திரமாக இருக்கிறது, இத்தனை நாள் தாமதமாகும். உதவி செய்தால் எங்கே என்ன கிடைக்கும் என்று மட்டும் போடுங்கள், பாலும் ரொட்டியும் வாங்குகிறவர் முகத்தை வீடியோ எடுத்துப் போடாதீர்கள். உறுதி செய்யாத எந்த உதவி எண்ணையும் பகிர வேண்டாம், பழைய எண்கள் ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வரும்.

சிவகாசில சொந்தக்காரர் பட்டாசுக் கடை வச்சிருக்கார். இன்ஸ்டால விளம்பரம் போட்டு ஆன்லைன் ஆர்டர் எடுக்கலாமா?

கூடாது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மின்வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் "சிவகாசி நேரடி விலை, 80% தள்ளுபடி" என்று விளம்பரங்கள் வருவதைப் பார்த்துவிட்டு எல்லாரும் செய்கிறார்களே என்று கேட்பீர்கள். அதில் கணிசமானவை பணத்தை வாங்கிக்கொண்டு மறைகிற போலிப் பக்கங்கள், ஏமாந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். உங்கள் சொந்தக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் தெரிவார். கடை இருக்கிற இடம், திறக்கிற நேரம், உரிமம் பெற்ற கடை என்பது, இவ்வளவு தகவலை கூகுள் மேப்பில் வையுங்கள், வாங்குகிறவர் நேரில் வரட்டும்.

"உங்கள் பேஜ் காப்பிரைட் மீறியதால் 24 மணி நேரத்தில் நீக்கப்படும்"னு மெட்டால இருந்து மெசேஜ் வந்திருக்கு, லிங்க்கை அமுக்கட்டுமா?

அமுக்காதீர்கள். மெட்டா உங்களை மெசஞ்சரில் கூப்பிட்டு மிரட்டாது. உண்மையான எச்சரிக்கை என்றால், ஷேடோபேன் கேள்வியில் சொன்ன கணக்கின் நிலைப் பகுதியிலேயே இருக்கும். அந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போட்டால் அடுத்த நிமிடம் பக்கம் வேறொருவர் கையில், உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரில் பணம் கேட்பார்கள். இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கிற பூட்டு) இன்றைக்கே போட்டு வையுங்கள், வாட்ஸ்அப்பிலும்தான். ஓடிபியைக் கடைப் பையன் கேட்டாலும் போனில் சொல்ல வேண்டாம்.

எனக்கு இதுக்கெல்லாம் நேரமே இல்ல. மொத்தமா ஏஜென்சி கையில கொடுத்துடலாமா?

வீடியோ எடிட்டிங், விளம்பரம் போடுவது, டிசைன் இதையெல்லாம் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் பதில் சொல்வதைக் கொடுக்காதீர்கள். "இந்தக் காட்டன் வெயிலுக்குத் தாங்குமா, என் மாமியார் எழுபது வயசு, கனமா இருக்குமா" என்ற கேள்விக்குத் துணியைத் தொட்டுப் பார்த்த ஆள்தான் பதில் சொல்ல முடியும். முதல் கேள்வியில் சொன்ன பேச்சு இதுதான்.

கொடுப்பதாக இருந்தால் பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் உங்கள் நம்பரிலும் நீங்களே உருவாக்கி, அவர்களுக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் பெயரில் தொடங்கிவிட்டால் பிரியும்போது பக்கமும் போகும், பழைய விளம்பரக் கணக்கும் போகும். மாதாமாதம் மெட்டாவுக்குக் கட்டிய தொகை தனி, அவர்கள் கூலி தனி என்று ரசீதோடு கேளுங்கள். அறிக்கையில் ரீச் எவ்வளவு என்று மட்டும் எழுதிக் கொண்டுவந்தால் மேலே ஃபாலோயர் கேள்வியில் சொன்ன மூன்று எண்களைக் கேளுங்கள், முழிக்கிறார்களா என்று பாருங்கள்.